விம்கோ நகரிலிருந்து வானம் எவ்வளவு தூரம்? வடசென்னை, மீனம்பாக்கம், பரந்தூர்: ஒரு விளக்கம்

சென்னைக்கு இரண்டாவதாகத் திட்டமிட்டிருக்கும் பரந்தூர் விமான நிலையம் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் வடசென்னையில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று குழம்பிப் போகின்றன. இப்போதிருக்கும் மீனம்பாக்கம் நிலையத்தை மூடிவிடுவார்களா? மெட்ரோ வந்தபிறகும் விடிகாலை விமானத்துக்கு ஏன் இன்னும் டாக்ஸிக்காரரிடம் பேரம் பேச வேண்டியிருக்கிறது? பரந்தூர் வந்தால் திருவொற்றியூர்க்காரருக்கு லாபமா, நஷ்டமா? மூன்றுக்கும் பதில் வேறு வேறு. அடிப்படையிலிருந்து போகலாம்.

முதலில் சில சொற்கள்

விமான டிக்கெட்டிலும் பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் சென்னைக்கு எம்.ஏ.ஏ. என்ற மூன்றெழுத்து இருக்கும். அது மெட்ராஸ். ஊரின் பெயர் 1996-ல் மாறியது, குறியீடு மாறவில்லை. உலகம் முழுக்க டிக்கெட், சரக்கு, கணக்கு எல்லாம் அந்த எழுத்தில் ஓடுவதால் அதை மாற்ற யாரும் மெனக்கெடுவதில்லை.

முனையம் என்பது பயணிகள் நுழைந்து சோதனை முடித்து விமானம் ஏறும் கட்டடம். ஓடுதளம் என்பது விமானம் இறங்கி ஏறும் தார்ப்பாதை. செய்திகளில் "விரிவாக்கம்" என்று வருவது பெரும்பாலும் முனையத்தைத்தான். 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பன்னாட்டு முனையமான டி2 அப்படிப்பட்டது. முனையத்தைப் பெரிதாக்கினால் வரிசை குறையும், உட்கார இடம் கிடைக்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை விமானம் இறங்கலாம் என்பதை ஓடுதளம்தான் முடிவு செய்கிறது. கல்யாண மண்டபத்தைப் பெரிதாகக் கட்டிவிட்டு சமையல்கட்டை அப்படியே விட்டால் பந்தி வேகமாக நகராது.

மீனம்பாக்கத்தின் முடிச்சு

சென்னையில் ஓடுதளங்கள் இரண்டு. முதன்மை ஓடுதளம் 07/25, நீளம் 3,658 மீட்டர். இரண்டாவது 12/30, அதைவிடக் குட்டை. எண்கள் திசையைக் காட்டுபவை. திசைகாட்டியில் 70 டிகிரி பக்கம் ஓடினால் 07, எதிர்முனையிலிருந்து 250 டிகிரி பக்கம் ஓடினால் 25. விமானம் எதிர்க்காற்றில்தான் ஏறும், இறங்கும். அதனால் தென்மேற்குக் காற்று காலத்தில் கடல் பக்கமிருந்து வந்து கிண்டி வானத்தைக் கடந்து இறங்கும். வடகிழக்குப் பருவத்தில் எதிர்ப்பக்கம், அதாவது மேற்கிலிருந்து வரும்.

சிக்கல் என்னவென்றால்:

1. இரண்டு ஓடுதளங்களும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. ஒன்றில் விமானம் ஓடும்போது வெட்டும் இடத்தைத் தாண்டும்வரை மற்றது காத்திருக்க வேண்டும். எண்ணிக்கையில் இரண்டு, வேலையில் ஒன்றரைகூடத் தேறாது. மும்பையிலும் இதே அமைப்புதான், அங்கே நவி மும்பையில் புதிய விமான நிலையம் தேவைப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

2. இரண்டாவது ஓடுதளத்தை நீட்ட அடையாற்றின் மேலேயே பாலம் கட்ட வேண்டியிருந்தது. ஓடுதளத்தின் கீழே ஆறு ஓடும் விமான நிலையம் இது.

3. தெற்கே ஜி.எஸ்.டி. சாலை, ரயில் பாதை, அதை ஒட்டித் திரிசூலம், பல்லாவரம் குன்றுகள். கிழக்கே பரங்கிமலை. மீதிப் பக்கம் குடியிருப்புகள். மூன்றாவது ஓடுதளத்தை இணையாகப் போட இடமில்லை.

நிலப்பரப்பு சுமார் 1,300 ஏக்கர். ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட பயணிகளை இது தாங்குகிறது. பரந்தூருக்குக் கேட்கும் நிலம் 5,000 ஏக்கருக்கும் மேல் என்பதோடு இதை ஒப்பிட்டால் "புதிது எதற்கு" என்ற வாதத்தில் ஒரு பக்கம் புரியும். மறுபக்கத்தைக் கடைசியில் பார்ப்போம்.

காகிதம் பாரிமுனையில், விமானம் மீனம்பாக்கத்தில்

வடசென்னை என்றால் ஒரே முகம் என்று தென்சென்னை நினைத்துக்கொள்கிறது. விமானப் பயணத்தை வைத்துப் பார்த்தாலே அது பொய்யாகிவிடும். மண்ணடியில் உம்ரா, ஹஜ் ஏற்பாட்டாளர்களும் வளைகுடாவுக்கு ஆள் அனுப்புகிறவர்களும் நெருக்கியடித்து இருக்கிறார்கள். சவுகார்பேட்டை கல்யாண சீசனில் ஜெய்ப்பூர், அகமதாபாத் விமானங்களை நிரப்பும். பெரம்பூர், வேப்பேரியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில், அவர்கள் போய்வருவது சிங்கப்பூர், கோலாலம்பூர் வழியாக. பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969-ல் ராஜாஜி சாலையோரம் எழுந்த பர்மா பஜார் ஒரு காலத்தில் வெளிநாட்டுச் சரக்குக்குப் பேர் போனது. பெட்டியில் சரக்கைச் சுமந்து போய்வருகிறவருக்கு ஊரே வைத்த பெயர் "குருவி".

சரக்கு விஷயம் இன்னும் சுவாரசியம். சுங்க இல்லம் ராஜாஜி சாலையில் இருப்பதால் கிளியரிங் ஏஜென்ட்டுகள், கப்பல் நிறுவனங்கள் எல்லாம் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு பக்கம் வேர்விட்டன. விமானச் சரக்குக்கான சுங்க அலுவலகம் மீனம்பாக்கத்திலேயே உண்டு. மனுக்கள் இப்போது கணினி வழி போகின்றன. ஆனாலும் ஆளும் அனுபவமும் ஜார்ஜ் டவுனில்தான். மூளை வடக்கே, கை தெற்கே.

இதைக் கிட்டத்திலிருந்து பார்க்க ஒரு கூடை நண்டு போதும். பழவேற்காடு ஏரியில் பிடிபடும் களி நண்டு உயிரோடு சிங்கப்பூர் போன்ற ஊர்களுக்குப் போகிறது. நண்டு உயிரோடு இருந்தால்தான் அந்த விலை. அதனால் கப்பலுக்கு வாய்ப்பே இல்லை.

1. தரம் பிரித்தல். ஓடு புதிதாக மாறி உள்ளே நீர் கோத்திருப்பது "தண்ணி நண்டு". அழுத்தினால் அடி ஓடு அமுங்கும். அது கழிந்துவிடும். ஒரு கொடுக்கு உடைந்தாலும் விலை இறங்கும்.

2. கட்டுதல். இரண்டு கொடுக்குகளையும் உடம்போடு சேர்த்து ஈரக் கயிற்றால் கட்ட வேண்டும். கட்டு தளர்ந்தால் கூடைக்குள்ளேயே ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும்.

3. அடுக்குதல். தண்ணீரில் வைப்பதில்லை. ஓட்டை போட்ட பெட்டியில் ஈரச் சாக்கு, அதன்மேல் நண்டு. செவுளில் ஈரம் இருக்கும்வரை வெளியே மூச்சு விடும். குளிர்ச்சியாக இருந்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். வெயிலில் நின்ற வண்டியில் அரை நாளில் முடிந்துவிடும்.

4. எடை. விமான நிறுவனம் உண்மையான எடை, கனஅளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு வாங்கும். கனஅளவு எடை என்பது நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுப்பது. 60க்கு 40க்கு 30 பெட்டி என்றால் 72,000, வகுத்தால் 12 கிலோ. அதில் 9 கிலோ நண்டு வைத்தால் காற்றுக்கு 3 கிலோ காசு கட்டுகிறீர்கள். 12-க்குமேல் திணித்தால் அடியில் இருப்பது நசுங்கும். இந்தக் கணக்கைச் சரியாகப் பிடிப்பதுதான் தொழில்.

5. சான்று. சுகாதாரச் சான்று, சுங்க மனு, விமானச் சரக்குச் சீட்டு மூன்றிலும் எடையும் பெட்டி எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 24 பெட்டி, இன்னொன்றில் 25 என்றால் சரக்கு நிற்கும். நண்டு காத்திருக்காது.

பொன்னேரி, மீஞ்சூர் தாண்டி மீனம்பாக்கம் வரை வரும் வண்டி எங்கே மாட்டுகிறது என்பது அடுத்த விஷயம். பயணிகளும் அதே பாதையில்தான் மாட்டுகிறார்கள்.

சாலையில் என்ன தவறிப்போகும்

திருவொற்றியூரிலிருந்து மீனம்பாக்கம் 30 கிலோமீட்டர் அளவு. இரவு 1 மணிக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பகலில் இரண்டு மணி நேரம் வைத்தாலும் உத்தரவாதம் கிடையாது. காரணங்கள் ஊர்க்காரருக்குத் தெரிந்தவைதான்:

1. துறைமுகத்து ஜீரோ கேட்டுக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் எண்ணூர் விரைவு சாலையில் வரிசை கட்டினால், கடற்கரை ஓரமாக ராஜாஜி சாலை பிடிக்கும் திட்டம் முடிந்தது.

2. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால் எப்போது திறக்கும் என்பது சரக்கு ரயிலின் நீளத்தைப் பொறுத்தது.

3. மழையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பும். அங்கே தடுப்பு வைத்தால் பேசின் பாலம் பக்கம் திரும்பும் எல்லா வண்டியும் ஒரே வாயில் சேரும்.

மாதவரம், கொளத்தூர்க்காரருக்கு வேறு வழி உண்டு. ரெட்டேரி, பாடி, கோயம்பேடு, வடபழனி, கத்திப்பாரா என்று நூறடிச் சாலையில் இறங்கலாம். புழல், செங்குன்றம் என்றால் புழல் பக்கம் தொடங்கிப் பெருங்களத்தூர் வரை போகும் புறவழிச்சாலையைப் பிடித்து, பெருங்களத்தூரில் திரும்பி ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே வரலாம். கிலோமீட்டர் கூடும், ஆனால் நேரத்தைக் கணிக்க முடியும். விமானம் பிடிக்கப் போகிறவருக்கு வேகத்தைவிடக் கணிப்புதான் முக்கியம்.

நீல வழித்தடமும் அதன் இரவு ஓட்டையும்

மெட்ரோவின் நீல வழித்தடத்தில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான 9 கிலோமீட்டர் நீட்சி 2021 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. விம்கோ நகர் பணிமனை நிலையம் 2022 மார்ச்சில் சேர்ந்தது. இப்போது பணிமனையிலிருந்து விமான நிலையம் வரை ஒரே ரயில், 32.65 கிலோமீட்டர், 26 நிலையங்கள், அதிகபட்சக் கட்டணம் 50 ரூபாய். பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஜீரோ கேட்டும் கணேசபுரமும் இந்த ரயிலுக்குத் தெரியாது. வடசென்னைக்கு விமான நிலையம் கிட்டே வந்தது என்றால் அது இந்தத் தடத்தால்தான்.

ஆனால் ரயில் அதிகாலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணிக்கு முடிகிறது. வளைகுடா, தென்கிழக்கு ஆசிய விமானங்களில் பலவும் நள்ளிரவிலும் விடியலிலும்தான். ஓட்டை எங்கே விழுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்னாட்டுக்கு 3 மணி நேரம், உள்நாட்டுக்கு 2 மணி நேரம் முன்பாக இருக்க வேண்டும் என்றும், நடை உட்பட மெட்ரோவுக்கு ஒன்றேகால் மணி நேரம் என்றும் வைத்தால்:

1. இரவு 2 மணி பன்னாட்டு விமானம்: 9:30-க்கு விம்கோ நகரில் ஏறினால் போதும்.

2. விடிகாலை 4 மணி பன்னாட்டு விமானம்: கடைசி ரயிலில் 12 மணிக்கு வந்து சேர்ந்து ஒரு மணி நேரம் கூடுதலாக உட்காரலாம். வசதியில்லை, ஆனால் நடக்கும்.

3. காலை 6 மணி உள்நாட்டு விமானம்: 4 மணிக்கு அங்கே இருக்க வேண்டும். மெட்ரோ இல்லை. கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் போகும் முதல் மின்ரயில் 4 மணியை ஒட்டிக் கிளம்பும். திரிசூலத்தில் இறங்கி ஜி.எஸ்.டி. சாலையைச் சுரங்கப்பாதையில் கடந்தால் 5 மணி நெருங்கிவிடும். கவுன்ட்டர் பொதுவாக 60 நிமிடத்துக்கு முன் மூடுவதால், பெட்டி போட வேண்டியவர் இதை நம்பக்கூடாது. கைப்பை மட்டும் இருந்து, இருக்கைச் சீட்டு முன்பே எடுத்திருந்தால்கூட விளிம்புதான். டாக்ஸி, இல்லையென்றால் முந்தின இரவே கடைசி மெட்ரோ.

4. காலை 8 மணி உள்நாட்டு விமானம்: முதல் ரயிலே போதும்.

வரும்போது கணக்கு வேறு. பன்னாட்டு விமானம் இறங்கிய பிறகு குடியேற்றச் சோதனை, பெட்டி, சுங்கம் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் வையுங்கள். 9:30-க்கு இறங்கினால் கடைசி ரயில் கிடைக்கும். 10:30-க்கு இறங்கினால் மறந்துவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து துபாயிலிருந்து வருகிறவர் பெரிய பெட்டியோடு நள்ளிரவில் வெளியே வந்து, ஆப் டாக்ஸிக்காகப் பல அடுக்கு வாகன நிறுத்தத்துக்குத் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போவது இதனால்தான். மெட்ரோவை 24 மணி நேரமும் ஓட்டலாமே என்பார்கள். தண்டவாளச் சோதனை, மின்கம்பிப் பராமரிப்பு எல்லாம் அந்த ஆறு மணி நேரத்தில்தான் நடக்கின்றன. முழு இரவும் ஓட்டுவது நடைமுறையில் கடினம். கடைசி ரயிலை ஒரு மணி நேரம் தள்ளுவதும், இடைப்பட்ட நேரத்துக்கு விம்கோ நகர் வரை ஒரு இரவுப் பேருந்து விடுவதும் அப்படியொன்றும் கடினமில்லை.

சின்ன எச்சரிக்கைகள் இரண்டு. சென்ட்ரலில் ஏறுகிறவர்கள் பச்சைத் தட ரயிலில் ஏறிவிட்டால் கோயம்பேடு சுற்றி ஆலந்தூரில் மாற வேண்டிவரும். டி1, டி4 இரண்டும் உள்நாட்டு முனையங்கள், டி2 பன்னாடு. டி1-க்கும் டி4-க்கும் இடையே நடை அதிகம் என்பதால் டிக்கெட்டில் எண்ணைப் பார்த்துவிட்டு நிலையத்திலிருந்து திரும்புங்கள்.

வெள்ளமும் போகிப் புகையும்

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு ஓடுதளத்துக்குள் புகுந்து விமான நிலையம் பல நாட்கள் மூடியிருந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் மறுபடி மூடியது. அதே மிக்ஜாமில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படிந்து மீனவர்கள் வாழ்வு நின்றது. ஒரே மழைதான், தெற்கே விமானத்தை நிறுத்தியது, வடக்கே படகை நிறுத்தியது.

போகி வேறு வகை. விமானி இறங்கும் முன் ஓடுதளத்தை எவ்வளவு தூரம் பார்க்க முடிகிறது என்பதைக் கருவிகள் அளக்கின்றன. சாதாரண வகைக் கருவி இறக்கத்துக்கு அது 550 மீட்டருக்குக் குறையக்கூடாது. ஜனவரி விடியலில் தரையோரக் காற்று குளிர்ந்து, அதன்மேல் சூடான காற்று மூடியாக நிற்கும்போது பழைய பாயும் டயரும் எரிந்தால் புகை மேலே போக வழியில்லாமல் தரையோடு படுத்துவிடும். 2018 போகியன்று பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. ஆண்டுதோறும் விமான நிலையத்தைச் சுற்றியிருப்பவர்களிடம் டயர் எரிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்வதற்குக் காரணம் இதுதான். போகியன்று காலை 5 முதல் 9 வரை டிக்கெட் போடாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

பரந்தூர்: எந்தக் கட்டத்தில் நிற்கிறது

"அனுமதி கிடைத்துவிட்டது" என்ற தலைப்பைப் பார்த்து அடுத்த வருடம் விமானம் பறக்கும் என்று நினைக்க வேண்டாம். புதிய விமான நிலையத்துக்குப் படிகள் பல. முதலில் இட அனுமதி, அது 2024-ல் கிடைத்தது. பிறகு கொள்கை அளவிலான ஒப்புதல், 2025 ஏப்ரலில் கிடைத்தது. சுற்றுச்சூழல் அனுமதி, நிலம் கையகப்படுத்தல், கட்டி நடத்தும் நிறுவனத்தைத் தேர்வு செய்தல், கட்டுமானம், கடைசியில் இயக்க உரிமம் எல்லாம் தனித்தனி. நிலம்தான் கடினமான படி. திட்ட இடத்துக்குள் வரும் ஏகனாபுரம் கிராமத்து மக்கள் 2022-லிருந்து எதிர்த்துவருகிறார்கள். அவர்கள் சொல்வதில் விவசாய நிலம் மட்டும் இல்லை, ஏரிகளும் கம்பன் கால்வாயும் இருக்கின்றன. அடையாற்றின் மேல் ஓடுதளம் போட்ட ஊருக்கு நீர்வழியை மறிப்பது என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும்.

மீனம்பாக்கம் மூடப்படுமா? பெங்களூரு, ஐதராபாத்தில் 2008-ல் புதியவை திறந்தபோது பழையவற்றின் பயணிகள் சேவை நின்றது. 150 கிலோமீட்டருக்குள் போட்டி கூடாது என்று தனியார் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம்தான் அதற்குக் காரணம். மும்பையில் இரண்டும் ஓடுகின்றன. சென்னையிலும் இரண்டும் இயங்கும் என்பதே அரசு சொல்லிவருவது. மெய்யான பதில் நிறுவனத்தோடு கையெழுத்தாகும் ஒப்பந்தத்தின் ஷரத்தில் இருக்கும், அதைத்தான் கவனிக்க வேண்டும்.

வடசென்னைக்குள் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்

பரந்தூர் நகர மையத்திலிருந்து 70 கிலோமீட்டர் அளவில், மேற்கே இருக்கிறது. இதுவரை வடக்கு தெற்காக இருந்த பயணம் வடக்கு மேற்காகத் திரும்பும்.

1. மீஞ்சூர், எண்ணூர், காட்டுப்பள்ளி: சரக்குக்கு லாபம். மீஞ்சூரிலிருந்து வண்டலூர் போகும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை நசரத்பேட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலையைத் தொடுகிறது. எண்ணூர் துறைமுகத்திலிருந்து திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாக மாமல்லபுரம் போகும் 133 கிலோமீட்டர் எல்லைச் சாலையும் முடிந்தால் ஊருக்குள் நுழையாமலே போகலாம். பழவேற்காட்டு நண்டு வண்டிக்குக் கிலோமீட்டர் கூடும், நெரிசல் குறையும்.

2. செங்குன்றம், மாதவரம், கொளத்தூர்: பெரிய வித்தியாசம் இராது. காரில் போகிறவருக்கு வெளிவட்டச் சாலை கைகொடுக்கும்.

3. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்: நஷ்டம். 50 ரூபாயில் ஒரே ரயிலில் போகிற இடத்துக்குப் பதிலாக ஊரைக் கடந்து, நெடுஞ்சாலையும் கடக்க வேண்டும். இவர்கள் பயணம் செய்யும் வளைகுடா விமானங்கள் பரந்தூருக்கு மாறினால் டாக்ஸிச் செலவு ஒரு வாரக் கூலியைத் தொடும்.

மூன்றாவது கூட்டத்தைக் காப்பாற்றக்கூடியது ரயில் மட்டும்தான். மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் ஐந்தாவது வழித்தடமும், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் நான்காவது வழித்தடமும் ஆழ்வார்திருநகர், வளசரவாக்கம் பக்கம் ஒரே தூணின் மேல் இரண்டு அடுக்காக ஓடும்படி அமைகின்றன. பூந்தமல்லியிலிருந்து பரந்தூருக்கு நீட்டிப்பதும் திட்டத்தில் இருக்கிறது. எல்லாம் முடிந்தால் மாதவரத்தில் ஏறி வளசரவாக்கத்தில் ஒரு முறை மாறிப் போய்ச் சேரலாம். திருவொற்றியூர்க்காரர் அதற்கு முன் மாதவரம் வரை பஸ் பிடிக்க வேண்டும், அல்லது நீலத் தடத்தில் ஆலந்தூர் வரை தெற்கே போய், அங்கே ஐந்தாவது தடத்தில் ஏறி வளசரவாக்கத்துக்குத் திரும்பி வர வேண்டும். நாலு மணி விமானத்துக்கு அந்த இரண்டு தடங்களிலும் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை இப்போதே கேட்டு வைப்பது நல்லது.